ஒரே ஒரு நட்சத்திரத்துக்கு மட்டும்

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருத்தணியில் நான் வேலை பார்க்கும் கண் ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் முடிந்து பதினைந்தாம் நாள் வருகிறவர்களுக்கு ஒரு படிவம் உண்டு. அதில் ‘குறை ஏதும் உண்டா’ என்ற வரிக்கு எதிரே போன ஏப்ரலில் என் கையால் எழுதியது இது: ‘ஒரே ஒரு நட்சத்திரத்துக்கு மட்டும் பஞ்சு ஒட்டியது போல் தெரிகிறதாம்.’

அந்த ‘ஆம்’ இப்போது உறுத்துகிறது. நம்பாதவள் போட்ட விகுதி அது.

என் பெயர் ப்ளெஸ்ஸி. ஆஸ்பத்திரியில் கவுன்சிலர். (வார்டு கவுன்சிலர் என்று நினைத்து ஒரு பெரியவர் குடிநீர்க் குழாய்க்கு மனு கொடுத்திருக்கிறார். வாங்கி வைத்திருக்கிறேன்.) ஆபரேஷனுக்குப் பயப்படுகிறவர்களிடம் பேசித் தைரியம் சொல்வது வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து கதை எழுதுவேன்.

குறையைச் சொன்னவர் பத்மா. அம்மையார்குப்பம், ஐம்பத்திரண்டு வயது. வீட்டிலேயே நான்கு விசைத்தறி. அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிச்சுப் போடுவது அவர் பொறுப்பு. இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் ஆபரேஷன் முடிந்து, இடது கண்ணுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை தேதி கொடுத்திருந்தோம். டாக்டர் பார்த்தார். கண் சுத்தமாக இருந்தது. பலகையில் சின்ன எழுத்து வரைக்கும் தடுமாறாமல் படித்தார் பத்மா.

“விளக்கைச் சுத்தி வட்டம் வட்டமா தெரியுதாம்மா? புது லென்ஸுக்கு அப்படி இருக்கும். போகப் போக சரியாயிடும்” என்றேன். ஒரு நாளைக்கு இருபது பேரிடம் சொல்வது.

“வட்டம் இல்லீங்க மேடம். மத்த நட்சத்திரம் எல்லாம் ஊசி முனையாட்டம் சுத்தமா இருக்குது. தெக்கால ஒண்ணே ஒண்ணுக்குத்தான் பஞ்சு ஒட்டிகினு இருக்குது.”

பின்னால் நின்றிருந்த அவர் கணவர் பரந்தாமன் முன்னால் வந்தார். “ஒரு கண்ணே இப்பிடி ஆயிடிச்சி. இன்னொண்ணுல எதுக்குங்க கத்தி வெக்கணும்? வெள்ளிக்கிழமை வாணாம்னு எழுதிக்குங்க.”

பத்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். வியாழக்கிழமை காலைக்குள் முடிவு சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டு, அந்த வரியை ‘ஆம்’ போட்டு முடித்தேன்.

2

கதையை எப்படித் தொடங்குவது என்று மூன்று முறை பார்த்தேன். மூன்றையும் காட்டுகிறேன்.

முதல் தொடக்கம்: ‘திருத்தணி மலையில் மாலைத் தீபாராதனை மணி ஒலித்து அடங்கியபோது, கீழே ஊர் மின்விளக்குகளால்—’ இதற்கு மேல் போகவில்லை. இது எங்கள் ஊரைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரி. அதோடு, சம்பவம் நடந்தது இங்கே இல்லை, பஸ்ஸில் ஒரு மணி நேரம் தள்ளி.

இரண்டாவது தொடக்கம்: ‘பூமியிலிருந்து ஏறக்குறைய ஐந்நூறு ஒளியாண்டுத் தொலைவில், ஒரே மேகத்தில் ஒன்றாகப் பிறந்து, இன்னும் பிரிந்துபோகாத சில நட்சத்திரங்கள் இருக்கின்றன. இப்படிப்பட்ட கூட்டத்துக்குத் திறந்த விண்மீன் கொத்து என்று பெயர்.’ தகவல் சரிதான். ஆனால் இதில் ஆள் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் எனக்கு எழுத வராது.

மூன்றாவது தொடக்கம் பத்மா வீட்டு மொட்டை மாடி. இதைத்தான் வைத்துக்கொள்கிறேன்.

ஆபரேஷன் முடிந்ததும் இரண்டு வாரம் தூசியில் நிற்கக்கூடாது என்று சொல்லியிருந்தோம். தறி ஓடும் வீட்டில் பஞ்சு பறக்காத இடம் மாடி ஒன்றுதான். அதனால் பொழுது சாய்ந்ததும் பத்மாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு மேலே அனுப்பிவிடுவார்கள். இருபத்தைந்து வருஷத்தில் அவர் சாயங்காலத்தில் சும்மா உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. நான்காம் நாள், கோடை மழை ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்த பிறகு, எட்டு மணிக்குக் கரண்ட் போனது. தெருவில் இருந்த அத்தனை தறியும் ஒரே மூச்சில் நின்றன. பத்மா நிமிர்ந்து பார்த்தார்.

பத்மா நிமிர்ந்து பார்த்தபோது அவர் உள்ளத்தில் சொல்லொணாத—

(அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும். அவர் உள்ளத்தில் என்ன இருந்தது என்று நேரிலேயே கேட்டேன். “கழுத்து வலிச்சிது” என்றார்.)

பல வருஷமாக அவருக்கு நட்சத்திரம் என்பது ஊறிப்போன பொரி மாதிரி, அதுவும் இரண்டு மூன்று. அன்றைக்கு எண்ண முடியாத அளவு இருந்தது. வலது கண்ணால் மேற்கே பார்த்தார், உச்சியில் பார்த்தார், கடைசியாகத் தெற்கே, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே. அங்கே, கூரைக்கு ஒரு முழம் உயரத்தில், ஒரு நட்சத்திரம். அதன் மேல் பஞ்சு ஒட்டியிருந்தது. தினமும் சேலையிலும் தலையிலும் ஒட்டுகிற அதே மாதிரிப் பஞ்சு. கண்ணைத் துடைக்கக்கூடாது என்று நான் சொல்லியிருந்ததால் துடைக்கவில்லை. சொட்டு மருந்து விழுந்து பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தார். போகவில்லை.

3

இந்த இடத்தில் பரந்தாமன் மீது எனக்குச் சந்தேகம் வந்தது. அதாவது, பாத்திரமாக.

முதல் பிரதியில் அவரைக் கொஞ்சம் முரடராக எழுதியிருந்தேன். மனைவியின் பேச்சை நம்பாதவர், ஆபரேஷனை நிறுத்தப் பார்க்கிறவர். கதைக்கு அப்படி ஒருவர் வசதி. எழுதியதைப் பத்மாவிடம் போனில் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“இன்னா ப்ளெஸ்ஸிம்மா, எங்க பாவாவ ரவுடியாக்கிட்டீங்க?”

பரந்தாமன் அவருக்கு அத்தை மகன். கல்யாணத்துக்கு முன் பாவா என்று கூப்பிட்டது, பேரப்பிள்ளை பிறந்த பிறகும் பாவாதான். அவர் செய்ததைப் பத்மாவே வரிசையாகச் சொன்னார். சொட்டு மருந்துக்காக ஒரு நாளைக்கு ஆறு தடவை போனில் அலாரம் வைத்தவர் அவர். தறியை விட்டுவிட்டு ஓடி வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒவ்வொரு சொட்டையும் அவரே விட்டார். அடுப்புப் புகை படக்கூடாது என்று பதினைந்து நாள் சமைத்தார். (“சாம்பார் மட்டும் கேக்காதீங்க.”) இடது கண்ணில் புரை முற்றிப்போய், ஒரு கண்ணால் தூரம் பிடிபடாமல் பத்மா டம்ளருக்கு வெளியே டீயை ஊற்றும்போதெல்லாம், எதுவும் நடக்காத மாதிரி அவர் துடைத்துவிட்டுப் போனார்.

அப்படிப்பட்டவர் ஏன் இரண்டாவது கண்ணை வேண்டாம் என்றார்? எனக்கு வேலையிலேயே தெரிந்திருக்க வேண்டியது. பயம். ஒரு கண்ணாவது நன்றாக வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, அதிலும் பஞ்சு என்றதும் தரையே நழுவிவிட்டது. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தார்.

ஆனால் இடது கண்ணை அப்படியே விட்டால் பத்மாவால் இழைக்கு முடிச்சுப் போட முடியாது. நூல் முனை அருகிலா தூரத்திலா என்று தெரியாமல் ஓடுகிற தறிக்குள் விரலை விடக்கூடாது. அது இருவருக்கும் தெரியும். வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லையாம்.

4

செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது போன் வந்தது.

“மேடம், பத்மா பேசறேன். அம்மையார்குப்பம். பஞ்சு.”

“சொல்லுங்கம்மா.”

“டெஸ்ட் பண்ணிப் பாத்தேன் மேடம்.”

என்ன டெஸ்ட் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதில் என் கைவண்ணம் கிடையாது.

முதல் நாள், பழைய ஜக்கார்டு அட்டை ஒன்றை எடுத்து, அதன் ஓட்டை வழியாகப் பார்த்திருக்கிறார். (சேலையில் பூ விழுவதற்காகத் தறியின் மேல் மாட்டுகிற, ஓட்டை போட்ட அட்டை.) சுற்று வெளிச்சம் மறைந்ததும் பஞ்சு கொஞ்சம் கூடவே தெரிந்தது. நேராகப் பார்த்தால் குறைந்தது. லேசாக ஓரக்கண்ணால் பார்த்தால் கூடியது. எட்டு மணிக்குத் தொட்டிக்கு மேலே இருந்த நட்சத்திரம் ஒன்பதரைக்குப் பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனா பக்கம் போனது. பஞ்சும் கூடவே போனது. அந்த இடத்துக்கு வந்த வேறு நட்சத்திரத்தில் ஒட்டவில்லை.

“அப்புறம் படுத்துப் பாத்தேன் மேடம். பஞ்சு நட்சத்திரத்துக்கு இடது பக்கம்தான் ஜாஸ்தி. அதாவது உங்க திருத்தணிப் பக்கம். நான் தெக்கால தலய வெச்சி, மல்லாந்து, தலய பின்னால தொங்க வுட்டு, உல்ட்டாவா பாத்தேன். கண்ணுல கோளாறுன்னா பஞ்சு எதிர்ப் பக்கம், மேக்கால திரும்பணும் இல்ல?”

“ஆங்.”

“திரும்பல. அப்பவும் திருத்தணிப் பக்கமேதான் இருக்குது.”

டப்பாவை மூடி வைத்தேன். கண் சம்பந்தமாக இரண்டு வருஷம் டிப்ளமோ படித்தவள் நான். ஒளியியலில் மட்டும் இரண்டு பேப்பர். கண்ணுக்குள் இருக்கும் குறையா, வெளியே இருக்கும் பொருளா என்று பிரித்துப் பார்க்க இதைவிடச் சுத்தமான வழி எனக்குத் தோன்றியிருக்காது. இந்த அம்மாவிடம்தான் போகப் போகச் சரியாயிடும் என்று சொல்லியனுப்பினேன்.

“பாவா நம்ப மாட்றாரு மேடம். ஆஸ்பத்திரிலயே வட்டம்னு சொல்லிட்டாங்க இல்லங்கறாரு.”

அது சுருக்கென்றது. அவரைத் தடுத்து வைத்திருப்பது என் வார்த்தை. “நாளைக்குச் சாயங்காலம் நானே வரேங்க” என்றேன்.

5

என் கணவர் நேசகுமாரிடம் ஒரு பைனாகுலர் இருந்தது. சேப்பாக்கத்தில் மேட்ச் பார்க்க வாங்கியது. (அதில் எதிர் கேலரியில் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்ததாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.) புதன்கிழமை டூட்டி முடிந்ததும் அவர் வண்டியில் கிளம்பினோம். ஆர்.கே.பேட்டை தாண்டும்போது மேற்கே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. முந்தின நாள் மழையில் தூசி அடங்கி, வானம் கழுவி விட்ட மாதிரி இருந்தது.

வாசலில் பரந்தாமன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு ஆள் வந்திருப்பதைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. “ஏங்க, பெரிய கோளாறுங்களா?”

“கோளாறு என்னுதுங்க. அம்மா சொன்னத நான் சரியா கேக்கல. பாத்துட்டு போகலாம்னு வந்தேன்.”

மாடிக்குப் போனோம். அன்றைக்குக் கரண்ட் இருந்தது. தெருவிளக்கு நேராகக் கண்ணில் அடித்தது. பைனாகுலரைத் தெற்கே திருப்பினால் எல்லா நட்சத்திரமும் எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரித் துள்ளின. கீழே நான்கு தறி, சுவரை ஒட்டிப் பக்கத்து வீட்டில் கஜபதியின் ஆறு தறி. மாடித் தரை அதிர, தரையோடு நாங்களும், எங்களோடு பைனாகுலரும். பத்மா கண்ணை எடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பரந்தாமன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு படியிறங்கிப் போனார்.

போய்விட்டார், விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். (இங்கே ஒரு பத்தி சோகமாக எழுதி, எடுத்துவிட்டேன். தேவைப்படவில்லை.) கீழே முதலில் ஒரு தறி நின்றது. இன்னொன்று. நான்கும். சந்தில் அவர் குரல் கேட்டது: “கஜபதி, அர மணி நேரம் நிறுத்துடா. உங்க அண்ணி ஒண்ணு பாத்துகினு இருக்கா.” ஆறு தறியும் நின்றன. கடைசியாகக் கம்பத்தில் இருந்த பெட்டியைத் திறந்து தெருவிளக்கை அணைத்தது யார் என்று நான் பார்க்கவில்லை. கதையில் அதைப் பரந்தாமன் கணக்கில் எழுத ஆசை. கஜபதி தன்னுடைய வேலை என்கிறார்.

அமைதி. தவளைச் சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது. பரந்தாமன் மறுபடி படியேறி வந்தார், பின்னாலேயே கஜபதியும்.

பத்மா தொட்டி விளிம்பில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இடது கண் வெறும் புகைதான் என்பதால் வலது பக்கக் குழாயில் மட்டும்.

“மேடம், இது பஞ்சு இல்ல” என்றார் மெதுவாக. “எல்லாம் நட்சத்திரம். பொடிப் பொடியா. பக்கத்துல பக்கத்துல. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு... இந்தப் பக்கம் ஒரு கூட்டம்.”

நான் கைநீட்டிப் பைனாகுலரை வாங்கப் போனேன். அவர் என்னைத் தாண்டி, “பாவா, இந்தா” என்றார்.

பரந்தாமன் வாங்கினார். இடம் பிடிபட அவருக்கு நேரமாயிற்று. பத்மா அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். பிடிபட்டதும் அவர் உடம்பு அசைவற்றுப் போனது தெரிந்தது. வாய்க்குள் எண்ணினார். பதினாறு என்றார். மறுபடி எண்ணி, பத்தொன்பது என்றார்.

“அப்ப உன் கண்ணுல ஒண்ணும் இல்ல.”

“கண்ணுல இல்ல பாவா. அங்க இருக்குது.”

அவர் பைனாகுலரைக் கீழே இறக்கவில்லை. அதைக் கண்ணிலேயே வைத்துக்கொண்டு, குரலை மட்டும் என் பக்கம் திருப்பிச் சொன்னார்: “மேடம், வெள்ளிக்கிழமை எத்தன மணிக்கு வரணும்?”

காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றில் இல்லாமல், லேசாகச் சாப்பிட்டுவிட்டு என்றேன். வேலை வார்த்தைதான். சொல்லும்போது சிரிப்பு வந்துவிட்டது. நேசகுமாரும் சிரித்தார். எதற்கென்று தெரியாமல் கஜபதியும்.

மேற்கே கார்த்திகை நட்சத்திரம் கூரைகளுக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்தது. முருகன் ஊர்க்காரர்களுக்கு அதைக் காட்டித் தர வேண்டியதில்லை. பத்மா அதையும் பைனாகுலரில் பார்த்துவிட்டுத் தெற்கே திரும்பினார். இரண்டும் ஒரே ஜாடை. முருகனுக்குப் பால் கொடுத்த ஆறு பேர் அங்கே இருக்க, இங்கே இவர்கள் யார் என்று கேட்டார் பரந்தாமன்.

“அவங்க ஷிப்ட் முடிஞ்சி இறங்கறாங்க. இவங்க ஏறியிருக்காங்க” என்றார் பத்மா.

6

நேசகுமார் போனில் நட்சத்திரம் காட்டும் ஆப் ஒன்றைத் தரவிறக்கித் தெற்கே நீட்டினார். பெயர் வந்தது. ஐ.சி. 2602. ஆங்கிலத்தில் செல்லப் பெயரும் இருந்தது, தமிழில் சொன்னால் தெற்குக் கார்த்திகை. கண்டுபிடித்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர், ஆப்பிரிக்காவின் தென்கோடியில், இருநூற்றெழுபது வருஷத்துக்கு முன்.

அதற்குள் கஜபதி அதற்குப் ‘பத்மா கொத்து’ என்று பெயர் வைத்து மாடிக்கு மாடி கத்திச் சொல்லியிருந்தார். சொல்வதா வேண்டாமா என்று நேசகுமார் என்னைப் பார்த்தார். சொல்லிவிட்டேன். ஒரு தடவை பத்மாவிடம் அரைகுறையாகப் பேசியது போதும்.

முதல் பிரதியில், ‘பத்மாவின் முகம் சட்டென்று வாடியது’ என்று எழுதியிருந்தேன். போனில் இந்த வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

“வாடுச்சா? யாருக்கு?”

“கதைக்கு அப்படி இருந்தா நல்லா இருக்கும்னு...”

“நான் இன்னா கேட்டேன்னு எழுதுங்க.”

எழுதுகிறேன். “அந்த பிரெஞ்சுக்காரர் எதுல பாத்தாரு?” என்று கேட்டார். சின்னத் தொலைநோக்கியில் என்றார் நேசகுமார்.

“நான் வெறுங்கண்ணுல பாத்தேன் இல்ல?” என்றார் பத்மா. “அதுவும் ஒத்தக் கண்ணுல.”

கண்டுபிடிப்பு என்ற சொல்லை அன்று இரவு வண்டியில் திரும்பும்போது பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். காண்பது ஒன்று, பிடிப்பது ஒன்று. அந்த மங்கலை எத்தனையோ பேர் கண்டிருப்பார்கள், கண்ணைக் கசக்கிவிட்டுப் போயிருப்பார்கள். பத்மா பிடித்துக்கொண்டார். கணவர் நம்பாதபோதும், ஆஸ்பத்திரி வட்டம் என்று சொன்னபோதும், தலைகீழாகத் தொங்கியாவது பிடித்துக்கொண்டிருந்தார். நட்சத்திரப் பட்டியலில் எந்தப் பெயர் இருந்தால் என்ன? என் அளவில் அதைக் கண்டுபிடித்தது அவர்தான். படிவத்தைத் தேடி எடுத்து ‘தெரிகிறதாம்’ என்பதில் ‘ஆம்’ஐ மட்டும் அடித்துவிட்டேன். விதிப்படி தப்பு. டாக்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி கையெழுத்துப் போட்டார்.

7

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நடந்தது. நன்றாக நடந்தது. இதில் நான் எதையும் மறைத்து வைக்கவில்லை. காத்திருக்கும் பெஞ்சில் பள்ளிப்பட்டிலிருந்து வந்த தாயாரம்மாள் என்பவர் பயத்தில் எழுந்து வீட்டுக்குப் போகப் பார்த்தபோது, அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்துப் பேசியது நான் இல்லை. பத்மா. அன்றைக்கு எனக்கு வேலையே இல்லை.

முடிவுதான் பாக்கி. மூன்று எழுதினேன்.

முதலாவதில், கட்டுப் பிரித்ததும் பத்மா இரண்டு கண்ணாலும் பரந்தாமனைப் பார்த்து, “வயசாயிடிச்சி பாவா உனக்கு” என்கிறார். பத்மா இதற்குச் சிரித்தார், ஆனால் அப்படிச் சொல்லவில்லையாம். (நினைத்தாராம்.)

இரண்டாவதில், தெரு முழுக்க வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் தறியை நிறுத்திவிட்டு மாடி ஏறுகிறது. இதைக் கஜபதி மறுத்தார். “ஆர்டர் இருக்கும்போது எப்பிடிங்க நிறுத்தறது? ரெண்டு வாட்டிதான் நிறுத்தினோம்.” ரெண்டு வாட்டி என்பதே எனக்கு மூன்றாவது முடிவாகத் தோன்றியது. எழுதினேன், முடிவாக நிற்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். கட்டுப் பிரித்து எட்டு நாள் மழை மேகம். ஒன்பதாம் நாள், மே மாதம், வானம் திறந்தது. எட்டு மணிக்குப் போன் செய்தேன். பரந்தாமன் எடுத்தார்.

“மேல இருக்காங்க. ஏழேகாலுக்கு ஏறினாங்க, இன்னும் இறங்கல.”

“ரெண்டு கண்ணாலயும் பாத்தாங்களா? எப்படித் தெரியுதாம்?”

“கேட்டேன். ஒண்ணும் சொல்ல மாட்றா. சிரிச்சிகினே இருக்கா.” கொஞ்சம் நிறுத்தி, “நான் போன வெக்கட்டுங்களா? ரெண்டு டீ போட்டுகினு மேல போறேன்” என்றார்.

மறுநாள் நானே பத்மாவிடம் கேட்டேன். கதைக்கு வேண்டும் என்றும் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “எல்லாத்தயும் நீங்களே எழுதிட்டா எப்பிடி ப்ளெஸ்ஸிம்மா? படிக்கறவங்களுக்குக் கண்ணு இல்லயா?”

அதனால் கடைசி வரியை என்னால் தர முடியவில்லை. அது என்னிடம் இல்லை. சித்திரை மாதம், நிலவில்லாத நாளாகப் பார்த்து, எட்டரை மணிக்கு மாடிக்குப் போங்கள். தெற்கே திரும்பி நில்லுங்கள். கூரைக்கு ஒரு முழம் மேலே. விளக்கை அணைக்கச் சொல்லி யாரிடமாவது கேட்க வேண்டியிருக்கும், கேளுங்கள். நேராகப் பார்க்காமல் லேசாக ஓரக்கண்ணால் பாருங்கள். பிடிபட்டதும்,